காலை ஓட்டமும் கையில் கம்பும்

சிலம்பம் கத்துக்கிறேன்னு சொன்னா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே, சுத்திக் காட்டு பார்க்கலாம்!" ரெண்டாவது கேள்வி, "இதுக்கெல்லாம் உனக்கு நேரம் எங்கேருந்து கிடைக்குது?" முதல் கேள்விக்கு வகுப்பறையில பதில் சொல்ல முடியாது, ஃபேனுக்கு ஆபத்து :-) ரெண்டாவதுக்கு இங்கே சொல்லிடறேன்.

ஆசான்கிட்ட வகுப்பு ஞாயித்துக்கிழமை மட்டும்தான், ஒன்றரை மணி நேரம். ஞாயிறு பிடிபட்ட வீச்சு வியாழக்கிழமைக்குள்ள கையை விட்டுப் போயிடும். அடுத்த வகுப்புல மறுபடியும் முதல்லேர்ந்து. இறுதியாண்டு, ப்ராஜெக்ட் வேற. "படிப்பு முடியட்டும்மா, அப்புறம் சுத்திக்கலாம்" என்று அப்பா ஒரு பக்கம். இந்த நிலைமையில தினமும் இன்னொரு மணி நேரம் கேட்டா, சிலம்பத்தையே மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. ஆக, ஏற்கனவே கையில இருக்கிற காலை ஓட்டத்துக்குள்ளேயே கம்பை நுழைச்சாதான் உண்டு.

மதுரையில எங்க வீட்டுப் பக்கத்து மைதானத்துல எனக்குக் கிடைக்கிறது 45 நிமிஷம். அதை இப்படிப் பிரிச்சிருக்கேன். முதல் 10 நிமிஷம் மெதுவான ஓட்டம், கூடவே மணிக்கட்டு, தோள், இடுப்பைச் சுழற்றித் தளர்த்துறது. அடுத்த 5 நிமிஷம் கம்பு இல்லாம வெறும் காலடி வரிசை. அப்புறம் 15 நிமிஷம் கம்பு. அதுக்கப்புறம் 10 நிமிஷம் வேக ஓட்டம். கடைசி 5 நிமிஷம் நடந்து மூச்சை ஆத்திக்கிறது.

இதுல வரிசைதான் முக்கியம். வேக ஓட்டத்தை முன்னாடி வச்சா கால் தளர்ந்திடும். தளர்ந்த காலோட எடுத்து வைக்கிற தப்பான காலடியைத்தான் உடம்பு பழகிக்கும். கத்துக்க வேண்டியதை உடம்பு புதுசா இருக்கும்போதே முடிச்சிடணும். களைப்பாகிறதைக் கடைசியில வச்சுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பெரியவங்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியும், குறைஞ்சது ரெண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சியும் வேணும்னு இருக்கு. அஞ்சு நாள் 45 நிமிஷம்னா 225 ஆச்சு. கம்பு எடை குறைச்சல், அது தசைக்குப் போதாது. அதனால செவ்வாயும் வெள்ளியும் வேக ஓட்டத்துக்குப் பதிலா தண்டாலும் பஸ்கியும்.

பொது மைதானத்துல கம்பு எடுக்கிறவங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கு. என் கம்பு நெற்றி உயரம். கையையும் நீட்டிச் சுத்தினா எவ்வளவு தூரம் போகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. சுத்தி நாலு பக்கமும் பத்தடிக்கு மேல காலியா இருக்கணும். நடக்கிறவங்க பாதையில கூடவே கூடாது. நான் வெளிச்சம் வந்த பிறகுதான் கம்பை எடுப்பேன். குழந்தைங்க வேடிக்கை பார்க்கக் கிட்ட வந்தா உடனே நிறுத்திடுவேன்.

வேடிக்கை பார்க்கிறது குழந்தைங்க மட்டுமில்ல. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா கம்பு?" என்று தினமும் நடக்க வர்ற ஒரு தாத்தா கேட்டார். "நீங்க எதுக்கு நடக்கிறீங்களோ அதுக்குத்தான் தாத்தா" என்றேன். பாதி பதில்தான் அது. சிலம்பம் இப்ப வெறும் திருவிழா வேடிக்கை இல்ல. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில காட்சி விளையாட்டா அரங்கேறிச்சு. ஆனா நான் பதக்கத்துக்காகவும் சுத்தல. நாள் முழுக்க யாரோ போட்ட அட்டவணையில ஓடுற எனக்கு, இந்த 15 நிமிஷம் மட்டும்தான் முழுசா என்னோடது. அதை விட்டா திரும்பக் கிடைக்காதுங்கிற பயம்தான் காலையில எழுப்பி விடுது.

பரீட்சை நாள்ல 45 நிமிஷம் நடக்காது. அப்போ 10 நிமிஷம் போதும்: வணக்க வரிசை ஒரு முறை, வலக்கையில 50 சுத்து, இடக்கையில 50 சுத்து. முன்னேற்றம் இருக்காது, ஆனா கை மறக்காது.

நீங்களும் ஆரம்பிக்கிறதா இருந்தா, வீடியோவைப் பார்த்துக் கம்பை எடுத்துடாதீங்க. முதல்ல ஒரு ஆசானைத் தேடுங்க. அவர் கத்துக் கொடுத்ததை மைதானத்துக்கு எடுத்துட்டுப் போங்க.