மண்பாதையும் வழியுரிமையும்

"சாமி, மண்பாதையில் பைக் ஓட்டச் சட்டப்படி இடம் உண்டா?" என மூலக்குளத்து இளைஞர் சிலர் நம்மிடம் வினவினர். "சட்டப்படி" என்ற சொல்லை அவர்களே சேர்த்தது நமக்கு மகிழ்ச்சியளித்தது.

அவர்கள் மனத்தில் இருந்தது மேற்கேயுள்ள ஊசுட்டேரிக் கரை. புதுச்சேரி அரசு 2008-இல் அவ்வேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழகத்தைச் சேர்ந்த பகுதியும் பின்னர் சரணாலயமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுச்சாலை வழியே கடந்து செல்லலாம். விளையாட்டாக வண்டியோட்ட அனுமதியின்றி உள்ளே நுழையலாகாது.

எனில் எங்கே செல்வது? கிராம வரைபடத்தில் அரசு நிலமாக, வண்டிப்பாதையெனக் குறிக்கப்பட்ட தடங்கள் உண்டு. வருவாய்த்துறை அலுவலகத்தில் அவற்றைக் கேட்டறியலாம். அங்கும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உடன் வரும்: பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள வழி, மண்ணாயினும் தாராயினும், பொது இடமே. ஆகவே ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் வேண்டும். அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பந்தயம் கூடாது. தனியார் தோப்பாயின் உடையவரின் சம்மதம் வேண்டும்.

இவை வெறும் தடைகள் அல்ல. ஏரிக்கரையில் சக்கரம் கீறிய தடத்தில் மழைநீர் இறங்கி மண்ணை அரிக்கும்; கரை உடைந்தால் பயிரை இழப்பவர் கீழ்ப்புறத்து உழவர். வேலியில்லாத நிலமெல்லாம் ஆளில்லாத நிலம் அன்று. விடியலில் மாடோட்டிச் செல்பவருக்கும் நாற்றுக்கட்டுச் சுமந்து வருபவருக்கும் அதே தடம்தான் வழி. அவரைக் கண்டதும் வேகம் தணிப்பவர், மறுமுறையும் அவ்வழியே வரத் தகுதியுடையவர்.