எங்கள் மலை எந்த மாதத்தில் வருகிறது?

நூல் படிப்பதற்குமா திட்டம் வகுப்பார்கள் என்று இல்லத்தார் நகைத்தனர். ஆயினும் வகுத்தேன். ஐந்திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் அட்டவணை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் நான். ஒரு கோடை விடுமுறையில் என் நூலடுக்கைத் தூசு தட்டியபோதுதான், அதிலிருந்த புதினங்களில் பெரும்பாலானவை காவிரிக் கரையிலும் சென்னைச் சந்துகளிலுமே நடப்பதைக் கண்டேன். குறிஞ்சியும் நெய்தலும் பாலையும் எனக்குத் தேர்வுத்தாள் விடைகளாகவே இருந்திருக்கின்றன. நாணம் உண்டாயிற்று.

ஆண்டு முழுவதற்குமான திட்டம் அது. ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு மாதங்கள். மாதத்திற்கு ஒரு நிலம். நிலத்திற்கு ஒரு புதினம். தஞ்சையும் சென்னையும் இவ்வோராண்டுக்கு விலக்கு. படிக்கும்போது பக்கத்தில் நிலப்படம் இருக்க வேண்டும். பொருள் விளங்காத வட்டாரச் சொற்களைத் தனி ஏட்டில் குறிக்க வேண்டும். அகராதியைப் புரட்டுமுன் அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். கடைசி விதியே கடினமானது. கேட்பதற்கு ஆள் வேண்டுமே!

இத்தகைய முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. ஆன் மார்கன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2012ஆம் ஆண்டில் 196 நாடுகளிலிருந்து நாட்டுக்கொரு நூலாகப் படித்து முடித்தார். அவ்வளவு பேராசை எனக்கில்லை. தமிழ் வழங்கும் நிலங்களையே நான் இன்னும் முழுதாகச் சுற்றி வரவில்லை.

பட்டியல் இவ்வாறு அமைந்தது. கொங்கு மண்ணுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள். 1942இல் வெளிவந்த இச்சிறு புதினத்தை வட்டாரப் புதினங்களுக்கு வழிகாட்டி எனலாம். கரிசலுக்குக் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். தூத்துக்குடி உப்பளங்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள். நீலமலைப் படகர்களுக்கு அவருடைய குறிஞ்சித் தேன். ஓர் ஆசிரியருக்கு இரண்டு இடம் தரலாமா என்று தயங்கினேன். ஆனால், எழுதப்போகும் மக்களிடையே சென்று தங்கிச் செய்தி திரட்டி எழுதியவர் அவர், ஆகவே தந்தேன். தென்கோடிக் கடற்கரைக்குத் தோப்பில் முகம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. சத்தியமங்கலக் காட்டுக்குச் ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி. கடல் கடந்து மெதானுக்கும் பினாங்குக்கும் செல்லப் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. மற்றவற்றை இங்கு விரிக்கவில்லை.

டி. செல்வராஜின் தோல் புதினத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றிய அந்நூல் 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் வளர்ந்த எவரும் அதை மூக்கால் படிப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டியின் நெடியும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரின் நிறமும் எங்களுக்கு விளக்கம் வேண்டாதவை. அக்கடுக்காய் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. மூட்டைகளாக வந்தது, அவ்வளவுதான் தெரியும்.

பட்டியலைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மாணவர் சிலர் தாமும் சேர்வதாகக் கூறினர். இளங்கலை இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் மட்டும் நெடுநேரம் அதன் முன் நின்றிருந்தான். ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் அவனுடையது. வகுப்பில் வாய் திறவாதவன்.

"ஐயா, எங்கள் மலை எந்த மாதத்தில் வருகிறது?" என்று கேட்டான்.

நான் பட்டியலைப் பார்த்தேன். நீலமலை இருந்தது. சத்தியமங்கலம் இருந்தது. கல்லூரி மாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரிகின்ற ஜவ்வாது மலை இல்லை.

அடுத்த சில வாரங்கள் தேடினேன். அம்மலையையே நிலைக்களமாகக் கொண்ட புதினம் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. நெருங்கி வந்தது கு. சின்னப்பபாரதியின் சங்கம். அது கொல்லிமலை மக்களின் கதை. இரண்டு மலைகளிலும் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினரே. அதை அவனிடம் தந்தேன். மூன்று நாளில் திருப்பித் தந்து, "நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் இது அவர்கள் மலை" என்றான். பிறகு தயங்கியவாறு, "எங்கள் மலை செய்தித்தாளில்தான் வரும்; கதையில் வராது" என்றும் சொன்னான். அவன் எதைச் சொல்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல் படையினர் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அன்று நாளேடுகளில் அம்மலையின் பெயரைப் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, வகுப்புக்குப் போனவர்களுள் நானும் ஒருவன்.

தசரா விடுமுறையில் ஆலங்காயம் வழியாக அவனோடு பேருந்தில் மலையேறினேன். வளைவுகளைக் கடந்து காவலூர் வந்தது. வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் குவிமாடத்தைச் சாளரத்தின் வழியே காட்டி, என் அறிவை அவனிடம் அளந்தேன். 1986 முதல் அங்கு இயங்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டமுடையது. 1977இல் யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்கள் கண்டறியப்பட்டதில் காவலூருக்கும் பங்குண்டு என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "அதில் எங்கள் ஊர் தெரியாது ஐயா. அது மேலே பார்க்கிறது" என்றான்.

அவன் வீட்டில் சாமைச் சோறு உண்டோம். முற்றத்தில் கடுக்காய் உலர்ந்துகொண்டிருந்தது. பொறுக்கி வந்த அவனுடைய தாயார், எங்கள் ஊர்த் தோல் மண்டிகளின் பெயர்களை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். ஒன்றையும் அவர் கண்டதில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் நடத்துகின்ற மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. செங்கண்மா எனப்பட்ட செங்கத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்த 583 அடிகளில், இம்மலைத் தொடரில் பிறக்கும் சேயாறு ஓடுகிறது. பன்றிக்கு வைத்த பொறி, கவண்கல், பாம்பு என்று வழியின் இடர்களையெல்லாம் பெருங்கௌசிகனார் எச்சரிக்கிறார். வழிப்போக்கரை விருந்தோம்பும் மலைவாழ் மக்களைக் காட்டுகிறார். உரையாசிரியர் கூற்றுகளை ஒப்புவித்த நான், அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று ஒரு வகுப்பிலேனும் சொன்னேனா? இல்லை. பட்டியலில் முதலிடத்தை அதற்குத் தந்து திருத்தினேன். புதினமன்று என்று எவரேனும் குறை சொன்னால் சொல்லட்டும்.

ஆயினும் அது அவனுடைய கேள்விக்கு விடையாகாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்துபோன விருந்தாளியின் கண்ணில் பட்ட மலை அது.

ஆன் மார்கனுக்கும் இப்படியோர் இடர் நேர்ந்தது. 2011இல் விடுதலை பெற்ற தெற்கு சூடானிலிருந்து படிப்பதற்கு அவருக்கு நூல் எதுவும் கிட்டவில்லை. அந்நாட்டைச் சேர்ந்த ஜூலியா துவானி என்னும் அம்மையார் அவருக்காகவே ஒரு கதையை எழுதித் தந்தார். இதை அவனிடம் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. மே மாதத்திற்கு எதிரே எழுதியிருந்த நூலின் பெயரை அடித்துவிட்டு வெறுமையாக விட்டேன்.

பொங்கல் கழிந்து அவன் ஒரு கோடிட்ட ஏட்டைக் கொண்டுவந்தான். ஒன்பது பக்கங்கள். கடுக்காய்ப் பருவம், கூலிக்கு வெளியூர் போன அண்ணன், நாள்தோறும் மாலைப் பேருந்து நிற்குமிடத்திற்கு வரும் தாய். ஏழெட்டு இடங்களில் வீட்டுச் சொல்லை அடித்துவிட்டு நூற்சொல்லை எழுதியிருந்தான். அடித்தவற்றையெல்லாம் மீண்டும் எழுதச் சொன்னேன். என் சொல்லேட்டிலும் குறித்துக்கொண்டேன். இம்முறை பொருள் கேட்க ஆள் எதிரிலேயே இருந்தான்.

கதை முடியவில்லை. அண்ணன் பேருந்திலிருந்து இறங்குவதா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறான். நான் சொல்ல மறுத்துவிட்டேன். மே மாதத்திற்கு இன்னும் நாள் இருக்கிறது.