புற்று தந்த விருந்து

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கானாடுகாத்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஊர். எல்லோரும் அரண்மனையைப் பார்க்கப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் மனசில் நின்றது என்னவோ ஒரு பெட்டிக் காளான்!

ஐப்பசி மாதம். கல்லூரித் தோழியின் மாமியார் வீட்டில் தங்கல். ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரும் நீளமான வீடு. இரவு முழுக்க இடியும் மழையும். நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்ட, ஆச்சி அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். “இடி இடிச்சிருக்கு, நாளைக்குக் காளான் வரும் பாரு ஆத்தா” என்றார்.

அதேபோல் விடிந்ததும் பின்வாசலில் ஒரு அம்மாள் பனையோலைப் பெட்டியுடன் வந்து நின்றார். கண்மாய்ப் பக்கத்துப் புற்றில் பறித்த புற்றுக்காளான். காம்பின் அடியில் வேர் போல நீண்ட வால்!

அந்த வால் எங்கே போகிறது தெரியுமா? புற்றுக்குள் கறையான்கள் வைத்திருக்கும் தோட்டத்துக்கு. காய்ந்த இலையையும் மரத்தூளையும் கறையான்கள் மென்று, கடற்பஞ்சு போல அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை அதைப் பக்குவப்படுத்த, கறையான்கள் உண்கின்றன. மழை ஈரத்தில் அதே பூஞ்சை மண்ணைத் துளைத்துக் குடை விரிக்கிறது. கொடைக்கானல் பைன் காட்டிலும் இப்படி ஒரு சிநேகம் உண்டு. அங்கே மர வேரோடு பூஞ்சை பின்னிக்கொண்டு, மண்ணிலுள்ள சத்தையும் நீரையும் தருகிறது. மரம் சர்க்கரை தருகிறது. ஜப்பானியர் பொன்போல் மதிக்கும் மாட்சுடாகே காளானும் பைன் மரத்தின் தோழிதான். நம் செட்டிநாட்டுச் செம்மண்ணில் பைனுக்குப் பதில் கறையான்!

பேரம் நடக்கும்போதே என் ஆறு வயது மகள் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். கை நிறைய வெள்ளைக் குடைகள். “அம்மா, நானும் காளான் கொண்டாந்தேன்!”

பார்ப்பதற்கு அச்சாக அதேதான். எனக்கும் ஆசை. “மஞ்சள் போட்டு வேகவைத்து நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாமே ஆச்சி? எங்க பாட்டி வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பாங்க” என்றேன்.

ஆச்சி அதைக் காளான்கார அம்மாளிடம் காட்டினார். அந்த அம்மாள் கையில்கூட வாங்கவில்லை. “இது எனக்குத் தெரியாத காளான் ஆச்சி. தெரியாததை நான் தொடுறதில்லை.”

“கேட்டியா? வெள்ளிக்கு என்னத்தா தெரியும்?” என்று சொல்லி ஆச்சி அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தார். மகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன். எனக்குத்தான் உள்ளுக்குள் நடுங்கியது.

தாய்மார்களே, வெள்ளிக்காசு, மஞ்சள், பூண்டு, எறும்பு மொய்ப்பது எதுவுமே விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. சில கொடிய காளான்களின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது. ருசியாகவும் இருக்கும். சாப்பிட்டு 6 மணி முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். நடுவில் குணமானது போலத் தோன்றும். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பரம்பரையாகப் பறித்துப் பழகியவர் கையால் வராத காட்டுக் காளான் நமக்கு வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் பண்ணைக் காளானே போதும்.

மதியம் ஆச்சி மண் போக நாலு தண்ணீரில் அலசி, சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு தாளித்து, மிளகு தட்டிப் போட்டுச் சுண்ட வதக்கினார். சுடுசோற்றில் பிசைந்தால்... அடடா! மகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது தோட்டத்து மூலையில் ஒரு புற்றைப் பார்த்தேன். “மருந்து அடித்து அழிக்கக் கூடாதா ஆச்சி?” என்றேன்.

“வீட்டு மரத்துக்கு வந்தா விடமாட்டேன். அது பாட்டுக்கு அங்கன இருக்கட்டும் ஆத்தா. அதை இடிச்சுப்புட்டா அடுத்த ஐப்பசிக்கு நீ எதுக்கு வருவே?” என்று சிரித்தார் ஆச்சி.