உலகக் கோப்பையும் இரு அயலாரும்

வலிய எதிரியைப் பெற்றவனே வலிய வீரனாகின்றான் என்பது போர்க்களத்துக்கேயன்றி ஆடுகளத்துக்கும் பொருந்துவதோர் உண்மை. புறத்திணை நூல்களைப் பயின்று வரும் யாம், ஏட்டிற் கண்டதினும் தெளிவாக இதனை ஹாக்கி உலகக் கோப்பையின் வரலாற்றிலே காண்கின்றோம்.

இப்போட்டியை முதன்முதல் எண்ணியவர் பாகிஸ்தானியர். அந்நாட்டு ஹாக்கிச் சங்கத் தலைவராயிருந்த நூர்கான் என்பார் இதற்குப் பெரிதும் முயன்றார். வெள்ளிக் கிண்ணமும், அதன்மீது உலக உருண்டையும், உச்சியிற் கோலும் பந்துமாக விளங்கும் கோப்பையைச் செய்தளித்தவரும் அந்நாட்டினரே. ஆயினும் முதற் போட்டி அவர் மண்ணில் நிகழவில்லை. இந்திய அணியின் வருகையை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியும், கிழக்குப் பாகிஸ்தானின் கொந்தளிப்பும் அதனைத் தடுத்தன. எனவே 1971 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் அது நடைபெற்றது. அரையிறுதியில் இந்தியாவை 2-1 என வென்ற பாகிஸ்தானே கோப்பையையும் கொண்டது. அதன்பின் இரு திங்கள் நிறையுமுன் இவ்விரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டது.

1973இல் இறுதியாட்டம் வரை சென்ற இந்தியா நெதர்லாந்திடம் தோற்றது. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் மீண்டும் இறுதிக்கு வந்தபோது, எதிரே நின்றது பாகிஸ்தான். சுர்ஜித் சிங் ஒன்றும், தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார் ஒன்றுமாக அடித்த கோல்களால் நம்மவர் 2-1 என வாகை சூடினர். சென்னை வீரரான பிலிப்ஸும் அவ்வணியில் இருந்தார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. எம் பாட்டனார் அவ்வாட்டத்தின் வருணனையை அண்டை வீட்டு வானொலியிற் கேட்டவர். இந்தி மொழியில் ஒரு சொல்லும் அறியாராயினும், குரல் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் கொண்டே ஆட்டத்தைத் தொடர்ந்தாராம். "வேறு யாரை வென்றிருந்தாலும் அவ்வளவு இனித்திராது" என்று அவர் இன்றும் கூறுவர்.

பின்னர்க் களமே மாறிற்று. 1976இல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புற்றரை புகுந்தது. நாளடைவில் உலகக் கோப்பையிலும் அதுவே நிலைத்தது. செம்மண் தரையிற் கோல் பிடித்துப் பழகிய யாம் இதன் விளைவை நன்கறிவோம். மேடுபள்ளமான தரையில் பந்தை அடக்க மணிக்கட்டின் நயம் வேண்டும். செயற்கைத் தரையிலோ பந்து நேராகவும் விரைவாகவும் பாயும். அங்கே ஓட்டமும் உடல்வலியும் மிகுதியும் வேண்டும். அத்தரை அமைக்கப் பெரும்பொருளும் வேண்டும். எனினும் தரையின்மீதே பழியனைத்தையும் போடுதல் நேர்மையன்று. பாகிஸ்தான் 1994இலும் கோப்பையை வென்றதன்றோ!

1986இல் இலண்டனில் 12 நாடுகள் ஆடின. ஒருகாலத்தில் முதலிடத்துக்குப் போராடிய இவ்விரு நாடுகளும் அங்கே பதினோராம் இடத்துக்குப் போராடின. பாகிஸ்தான் வென்றது, இந்தியா கடைசியாயிற்று. ஏற்றத்தில் மட்டுமன்றி இறக்கத்திலும் இவர்கள் அயலாராகவே இருந்தனர்.

2018இல் புவனேசுவரத்திலும், 2023இல் புவனேசுவரம், ரூர்கேலா ஆகிய இரு நகரங்களிலும் போட்டி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. முறையே பெல்ஜியமும் ஜெர்மனியும் வென்றன. 1975க்குப் பின் அதுகாறும் இந்தியா அரையிறுதியை எட்டவில்லை. 2023ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பாகிஸ்தான் தகுதியே பெறவில்லை. கோப்பையைச் செய்தளித்தவர் இல்லாமலே அக்கோப்பைக்கு நம் மண்ணில் ஆட்டம் நடந்தது. இதனைக் கண்டு மகிழ்ந்தாரும் சிலர் உளர். எமக்கோ மகிழ்ச்சி தோன்றவில்லை. பகைவன் வீழ்ந்தான் என்று கைகொட்டுவோர், அவன் எதிர்நின்றதனால் தாம் பெற்ற வலிமையையும் உடனிழக்கின்றனர். அவர்கள் மீண்டும் எழுந்து வருக, நாமும் எழுவோம்!