கான்கிரீட்டுக்குக் காலண்டர் தெரியாது!

வீடு கட்டியவர்களைக் கேட்டால் தெரியும், க்யூரிங் என்றாலே நமக்குத் தண்ணீர்தான். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி, காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து நனைப்பார்கள். 'வெயில் குடிச்சிடும், காய விடாதீங்க' என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்காரர் விரல் விட்டு நாள் எண்ணுவார். இத்தனையாவது நாள் பலகை பிரிக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம்.

பனி கொட்டும் ஊர்களில் இந்தப் பாடம் அப்படியே தலைகீழ். உறைகிற குளிரில் புது கான்கிரீட் மேல் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரே அதற்கு எமன். அங்கே கான்கிரீட்டுக்குப் போர்வை போர்த்துகிறார்கள், கூடாரம் அடிக்கிறார்கள், ஹீட்டர் வைக்கிறார்கள். நாள் எண்ணுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு 65 பேரின் உயிர் விலையாகப் போயிருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது?

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது காய்வதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் ரசாயன மாற்றத்தால்தான் அது கெட்டிப்படுகிறது. அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடும் பிறக்கும். போட்ட தளத்தில் மறுநாள் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

சுற்றிலும் குளிர் கூடக்கூட இந்த மாற்றம் மந்தமாகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு நாளில் கிடைக்கும் பலம், 5 டிகிரியில் கிடைக்க ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். இதில் நஷ்டம் பெரிதில்லை. காத்திருந்தால் பலம் வந்துவிடும்.

உறைந்துபோனால்தான் ஆபத்து. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவிகிதம் பருமன் கூடும். இன்னும் பலம் பிடிக்காத கலவைக்குள் அது உறைந்தால், சிமென்ட்டையும் மணலையும் ஜல்லியையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிரித்துவிடும். பிறகு வெயில் வந்து உருகினாலும் அந்தப் பிரிவு முழுசாகச் சேராது. போட்ட சில மணி நேரத்துக்குள் உறைந்த கான்கிரீட், கடைசி வரை பாதி பலத்தோடே நின்றுவிடலாம்.

அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. உறைந்த கான்கிரீட் பார்வைக்கு நன்றாக இறுகியதுபோலவே இருக்கும். தட்டினால் 'ணங்' என்று சத்தம் வரும். உள்ளே இருப்பது சிமென்ட்டின் பலமா, பனிக்கட்டியின் விறைப்பா என்று கண்ணுக்குத் தெரியாது. பலகையைப் பிரித்து, வெயில் பட்டு உருகிய பிறகுதான் குட்டு வெளியாகும்.

போர்வையும் கூடாரமும்

ஆகவே குளிர்நாட்டுக் கட்டடத்தொழிலாளர்களின் முதல் இலக்கு ஒன்றே ஒன்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 36 கிலோ தாங்கும் பலத்தை, அதாவது 3.5 மெகாபாஸ்கலை, கான்கிரீட் எட்டும் வரை உறைய விடக் கூடாது. அந்த அளவு வந்துவிட்டால், உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி சிமென்ட்டோடு சேர்ந்துவிட்டிருக்கும். பிறகு ஒரு முறை உறைந்தாலும் பெரிய சேதம் இருக்காது. 10 டிகிரி சூடு இருந்தால், சாதாரணக் கலவை இரண்டாம் நாளில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும்.

இதற்காக அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. கலவைக்கான தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள். பனி ஒட்டிய ஜல்லியையும் மணலையும் சூடாக்குகிறார்கள். ஆனால் கொதிக்கிற தண்ணீரை நேராகச் சிமென்ட்டில் ஊற்ற மாட்டார்கள். சட்டென்று கட்டி தட்டிவிடும். தண்ணீரையும் ஜல்லியையும் முதலில் கலந்து, சூடு தணிந்த பிறகே சிமென்ட். உறைந்த மண்ணின் மேல் கான்கிரீட் போடுவதும் கிடையாது. அடியிலிருந்து அது சூட்டை உறிஞ்சிவிடும். பிறகு பனி உருகும்போது மண்ணே இறங்கிவிடும்.

போட்டு முடித்ததும் போர்வை. அந்தக் காலத்தில் வைக்கோல் பரப்பி மேலே தார்ப்பாய் போட்டார்கள். இப்போது அதற்கென்றே தைத்த கனத்த போர்வைகள் வந்துவிட்டன. நடுப்பகுதியைவிட மூலைகளும் விளிம்புகளும்தான் முதலில் விறைக்கும் என்பதால், அங்கே மூன்று மடங்கு கனம் போர்த்தச் சொல்கிறார்கள். குளிரில் நமக்குக் காதும் மூக்கு நுனியும் முதலில் விறைப்பதுபோலத்தான்.

குளிர் இன்னும் கடுமையானால், கட்டடத்தையே சுற்றிக் கூடாரம் அடித்து ஹீட்டர் வைப்பார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரிலிருந்து வரும் கரியமில வாயு, புது கான்கிரீட்டின் மேல்தோலைப் பொடிப்பொடியாக்கிவிடும். கார்பன் மோனாக்சைடு வேலை செய்பவர்களின் உயிருக்கே உலை வைக்கும். புகையை வெளியே விட்டு, சூட்டை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும்.

சீக்கிரம் இறுக வைக்க கால்சியம் குளோரைடு சேர்க்கும் வழக்கமும் உண்டு. அது உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், கம்பி போட்ட கான்கிரீட்டில் இன்று அதைத் தவிர்க்கிறார்கள். வேலை முடிந்ததும் போர்வையை ஒரேயடியாக உருவுவதும் தவறு. கதகதப்பாக இருந்த மேற்பரப்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். மெல்ல மெல்லத்தான் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

இந்தியாவிலும் லடாக், இமாச்சலப் பிரதேசம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். குளிர்காலக் கான்கிரீட்டுக்கென்றே 1981-ல் வந்த இந்தியத் தர விதி (ஐ.எஸ். 7861, பகுதி 2), 5 டிகிரியும் அதற்குக் கீழும் போனால் தனிக் கவனம் வேண்டும் என்கிறது.

நாலாவது நாள்

உறைகிற குளிர் என்றால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் பனி, கையை விறைக்க வைக்கும் காற்று என்று எச்சரிக்கைகள் நிறைய. உறையாத வெறும் குளிர்தான் ஆட்களை ஏமாற்றியிருக்கிறது.

1973 மார்ச் 2. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடம். ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. 24-வது மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கும் வேலையும் கூடவே நடந்தது. 23-வது மாடித் தளம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் உடைந்தது. அது கீழ்த்தளத்தில் விழ, அது அதற்குக் கீழே விழ, கட்டடத்தின் ஒரு பகுதி தரை வரை சரிந்தது. 14 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர அமைப்பு விசாரணைக்கு வந்தது. அவர்கள் கண்ணில் பட்டது இரண்டு எண்கள். அந்தத் தளத்தின் வயது 4 நாள். அந்த நாலு நாளும் அங்கே இருந்த சராசரிக் குளிர் 7 டிகிரி. தண்ணீர் உறையவில்லை, பனி பிடிக்கவில்லை. ஆனால் நாலு நாளில் வந்திருக்க வேண்டிய பலம் வந்திருக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த சால் என்பவர் 1951-ல் எழுதியது. கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி, அதை எத்தனை மணி நேரம் என்பதால் பெருக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் பலம் கூடுவதே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டதால்தான் அந்த 10.

20 டிகிரியில் ஒரு நாள் என்றால் 30 × 24 = 720. இதை ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். 7 டிகிரியில் நாலு நாள் என்றால் 17 × 96 = 1,632. 720-ஆல் வகுத்தால் சுமார் இரண்டே கால்.

காலண்டரில் நாலு நாள். கான்கிரீட்டுக்கோ இரண்டே கால் நாள்தான். இது தோராயக் கணக்குதான் என்றாலும், எங்கே பிசகியது என்று காட்டிவிடுகிறது.

வில்லோ ஐலண்ட்

ஐந்து வருடம் கழித்து இதைவிடப் பெரிய துக்கம் வந்தது.

மேற்கு வர்ஜீனியாவில் ஓஹையோ ஆற்றங்கரையில் வில்லோ ஐலண்ட் என்ற சின்ன ஊர். அனல்மின் நிலையத்துக்காக இரண்டு பிரம்மாண்டக் குளிர்விப்புக் கோபுரங்கள் கட்டினார்கள். முதலாவது முடிந்துவிட்டது. இரண்டாவது 166 அடி உயரத்தைத் தொட்டிருந்தது.

கோபுரம் ஒரு நாளைக்கு ஒரு வளையமாக, ஐந்தடி ஐந்தடியாக வளர்ந்தது. அதற்கான சாரம் தரையில் ஊன்றியது இல்லை. கோபுரச் சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டிய சாரம். நேற்றுப் போட்ட வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைய வளையத்தைப் போட வேண்டும். ஆட்கள், பலகைகள், கான்கிரீட்டை மேலே இழுக்கும் கிரேன் எல்லாவற்றின் பாரமும் அந்தச் சுவர் மேல்தான்.

1978 ஏப்ரல் 27. வசந்த காலம் வந்துவிட்டது. ஆனால் முந்தைய நாள் போட்ட 28-வது வளையம், 10 டிகிரிக்கும் குறைவான குளிரில் ராத்திரியைக் கழித்திருந்தது. அதற்கு இன்னும் ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. காலையில் ஆட்கள் வழக்கம்போல மேலே ஏறினார்கள். பத்து மணிக்குச் சற்றுப் பிறகு, கான்கிரீட் வாளி மேலே போய்க்கொண்டிருந்தபோது கேபிள் தொய்ந்தது. கிரேன் கோபுரத்துக்குள் சாய்ந்தது. 28-வது வளையம் உடைந்து, பழத்தோல் உரிவதுபோல இரண்டு பக்கமும் உரிந்துகொண்டே போனது. சாரத்தில் இருந்த 51 பேரும் விழுந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

பெரும்பாலும் அந்த வட்டாரத்து ஆட்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்கள் பலர் அதில் இருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அண்ணன் தம்பியைச் சேர்த்துவிடுவதும், மாமா மருமகனைக் கூட்டிப்போவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதானே!

விசாரணையில் இன்னும் பல குறைகள் தெரிந்தன. சில இடங்களில் போல்ட் இல்லை. தப்பி இறங்க ஒரே ஏணி. எல்லாவற்றிலும் அவசரம். ஆனாலும் தேசியத் தர அமைப்பு சொன்ன முக்கியக் காரணம், பலம் வராத கான்கிரீட் மேல் பாரம் ஏற்றியதுதான். வழக்கு கடைசியில் சுமார் 85,000 டாலருக்குப் பேசி முடிக்கப்பட்டது. ஓர் உயிருக்குச் சுமார் 1,700 டாலர். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

இந்த இரண்டு விபத்துகளுக்கும் பிறகுதான் சாலின் கணக்கை எல்லோரும் தீவிரமாகக் கையில் எடுத்தார்கள். தேசியத் தர அமைப்பு ஆய்வுகள் நடத்தியது. 1987-ல் அமெரிக்காவில் அது ஒரு தர விதியாக வந்தது. 1951-ல் எழுதிய கணக்கு விதியாக 36 வருடம் ஆனது.

இன்று கான்கிரீட் ஊற்றும் முன்பே, விரல் அளவு சென்சாரைக் கம்பியோடு கட்டிவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு சூடு, இதுவரை எவ்வளவு பலம் என்பது இன்ஜினீயரின் மொபைலிலேயே தெரிகிறது. ஆய்வகத்தில் கதகதப்பாக வைத்துச் சோதித்த மாதிரியை மட்டும் நம்பிப் பலகை பிரிப்பதில்லை. சுவர் பட்ட அதே குளிரைப் பட்ட மாதிரியையும் சோதிக்கிறார்கள்.

இவ்வளவு வசதி வந்தும், கட்டட வேலையில் அவசரம் மட்டும் குறையவில்லை. ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, வட்டி ஏறுகிறது, அடுத்த கலவை லாரி வாசலில் நிற்கிறது. 'இன்னிக்கு எத்தனையாவது நாள்?' என்ற கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். 'இத்தனை நாளும் எவ்வளவு சூடு கிடைத்தது?' என்று ஒருவர் கேட்டு, பதில் வரும் வரை 'யாரும் மேலே ஏற வேண்டாம்' என்று நிறுத்த வேண்டும். வில்லோ ஐலண்டில் 28-வது வளையத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மட்டும்தான் தேவைப்பட்டது.