வெறுமையும் பூச்சியமும்

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பெறாமகனின் துணையுடன் புவிநடுக்கங்களை அறிவிக்கும் சிறிய கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை எழுதிப் பார்த்தேன். அதற்கான தரவுகளை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது.

ஜேசன் என்னும் அத்தரவு வடிவம் பெட்டிக்குள் பெட்டியாக அமைந்தது. வெளிப் பெட்டியில் நடுக்கங்களின் பட்டியல். ஒவ்வொரு நடுக்கத்துக்குள்ளும் மேலும் சில பெட்டிகள். ஒன்றில் அளவு, இடம், நேரம். இன்னொன்றில் நெட்டாங்கு, அகலாங்கு, ஆழம் என்ற வரிசையில் மூன்று எண்கள். வெளியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே உள்ளே செல்லவேண்டும்.

அதிர்வை உணர்ந்ததாக அறிவித்தோரின் தொகைக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. எவரும் அறிவிக்காதபோது அதில் எண் இராது. வெறுமையைக் காட்டும் குறி மட்டுமே இருக்கும். எண்ணை எதிர்பார்த்த என் செயலி அங்கே நின்றுபோயிற்று. வெறுமையைக் கண்டால் பூச்சியம் எனக் கொள்ளுமாறு எழுதினேன். செயலி ஓடியது: "உணர்ந்தோர்: 0".

"ஒருத்தரும் உணரேல்லை எண்டதும் ஒருத்தரும் சொல்லேல்லை எண்டதும் ஒண்டோ, பெரியப்பா?" என்றான் பெறாமகன்.

எனக்கு 2004 டிசெம்பர் 26 நினைவுக்கு வந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்தே கடல் எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. அவ்விரண்டு மணி நேரமும் எனக்குச் செய்தி எதுவும் வரவில்லை. பௌர்ணமி விடுமுறை; எதுவும் நிகழவில்லை என்றே இருந்துவிட்டேன்.

பூச்சியத்தை நீக்கினேன். இப்போது அவ்விடத்தில் "தகவல் கிடைக்கவில்லை" என்று வருகிறது.