"டூ யூ ரைட் எ பைக்?" என்று கேட்டால்…

ஐஈஎல்டிஎஸ் பேச்சுப் பரீட்சைக்குப் போய் வந்த பிள்ளைகளிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், "சைக்கிளப் பத்தித்தான் சேர், அதுக்கே தடுமாறிட்டன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். லேசான கேள்விகள்தான். சின்ன வயதில் சைக்கிள் இருந்ததா? எத்தனை வயதில் பழகினீர்கள்? பாடசாலைக்குச் சைக்கிளிலா போனீர்கள்? இப்பவும் ஓடுவீர்களா?

நாங்கள் கிழக்குக் கரையோர ஊர்க்காரர். மேடு பள்ளம் இல்லாத மண். வாப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குள்ளால் காலை விட்டு ஓடிப் பழகிய ஆட்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி கஷ்டமாக இருக்கவே கூடாது. ஆனால் இருக்கிறது. ஏன் என்று ஆங்கிலம் படிப்பிக்கிற நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கதைத்தோம்.

முதல் சிக்கல் 'பைக்'. எங்களுக்கு அது மோட்டர் சைக்கிள். கேட்கிறவர் சொல்வது பெரும்பாலும் சைக்கிளை. "மை ஃபாதர் ஹேட் எ பைக், பட் பெட்ரோல் இஸ் எக்ஸ்பென்சிவ்" என்று பிள்ளை தொடங்கினால் கதை வேறு பக்கம் போய்விடும். சந்தேகமென்றால் "டூ யூ மீன் எ பைசிக்கிள்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

அடுத்தது, நாங்கள் காரையும் 'ஓடுவோம்', சைக்கிளையும் 'ஓடுவோம்'. அதனால்தான் 'ட்ரைவ் எ பைசிக்கிள்', சில நேரம் 'ரன் எ பைசிக்கிள்' கூட வருகிறது. சைக்கிளுக்கு 'ரைட்'. காற்று அடிப்பதற்கு 'பம்ப் அப் த டயர்ஸ்'. விழுந்தால் 'ஐ ஃபெல் ஆஃப்'. பஞ்சராகி உருட்டிக்கொண்டு வந்தால் 'ஐ புஷ்ட் இட் ஹோம்'. இந்த நாலும் போதும், ஒரு முழுக் கதையே சொல்லலாம்.

மனப்பாடம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் சூழலுக்கு நல்லது, புகை இல்லை, உடம்புக்கு ஆரோக்கியம் என்று ஒப்புவிப்பதைக் கேட்கிறவர் லேசில் கண்டுபிடிப்பார். "உங்க சைக்கிள் என்ன நிறம்?" என்று அடுத்த கேள்வி வந்தால் வாய் அடைத்துவிடும். முதல் பகுதி நாலைந்து நிமிடம்தான், அது உங்களைப் பற்றியது. புள்ளி கொடுப்பது சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நாலுக்கும், நாலுக்கும் சம அளவில். உங்கள் கருத்து பெரிய கருத்தா என்று யாரும் பார்ப்பதில்லை.

இனி, இதை எழுதத் தூண்டிய விசயம். எங்கள் தங்கச்சிமாரில் பலர் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை தெருவெல்லாம் சைக்கிள் ஓடியவர்கள். பெரிய பிள்ளையானதும் வீட்டில் நிறுத்தச் சொன்னார்கள், சைக்கிள் தம்பிக்குப் போனது. "டூ யூ ஸ்டில் ரைட்?" என்று கேட்டால் "நோ" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் வெட்கத்தில் "யெஸ்" என்று பொய் சொல்லி, அடுத்த கேள்வியில் மாட்டுப்படுகிறார்கள்.

தங்கச்சி, நடந்ததையே சொல்லுங்கள். "ஐ யூஸ்டு டு ரைட் எவ்ரி டே, பட் ஐ ஸ்டாப்ட் வென் ஐ வாஸ் ட்வெல்வ்." பழைய பழக்கத்தைச் சொல்கிற 'யூஸ்டு டு', இறந்தகாலம், 'வென்' போட்டுச் சேர்த்த வாக்கியம், எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "மை ஃபேமிலி தாட் ஐ வாஸ் டூ ஓல்ட் ஃபோர் இட்" என்று சொன்னால் போதும். அந்த அறையில் ஊரைக் குறை சொல்லவும் தேவையில்லை, ஊருக்காக வழக்காடவும் தேவையில்லை. சைக்கிள் இல்லாமல் போனது கவலையாக இருந்தால் "ஐ மிஸ் இட்" என்றும் சொல்லலாம். அது உண்மைதானே.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் எங்கள் பக்கத்து டீச்சர்மார் சிலர் அபாயாவோடு திரும்பவும் சைக்கிள் எடுத்தார்கள். பார்த்துச் சிரித்தவர்களும் பிறகு பழகிப் போனார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு "ஐ ஸ்டார்ட்டட் அகெய்ன்" என்று இன்னொரு வரியும் கையில் இருக்கிறது.

இன்றிரவே போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து கேளுங்கள். இடையில் 'ட்ரைவ்' என்று வந்துவிட்டால் நிறுத்த வேண்டாம். "சொரி, ரைட்" என்று திருத்திக்கொண்டு அப்படியே போங்கள்.